ஒரு புது மாத்திரை, ஒரு வழுக்கும் தரை: கிழக்கு டெல்லி தாய் சி வகுப்பில் நடந்த விபத்து

பின்னணி

மயூர் விஹார் பக்கத்து அடுக்ககங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. பிள்ளைகளோடு இருக்கலாம் என்று சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து சேர்ந்த பெற்றோர்களும் உண்டு. அவர்களில் இருபத்து நாலு பேர் சேர்ந்து ஒரு பூங்காவில் காலை ஆறரை மணிக்குத் தாய் சியும் சிகாங்கும் பழகி வந்தார்கள். இரண்டும் மூச்சோடு சேர்த்து மெதுவாக அசையும் சீனப் பயிற்சிகள். எல்லோருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். பாதிப் பேர் எழுபதைத் தொட்டவர்கள்.

சொல்லித் தருபவர் ஐம்பதுகளில் இருக்கும் பெண்மணி. முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் வகுப்பிலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பத்து வருடத்துக்கு மேல் பயின்றவர், அசைவுகளில் நல்ல தேர்ச்சி உள்ளவர். அவருக்கு உதவியாக வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர். மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டணம். அதை ஒரு சின்னக் குழு வசூலித்து ஆசிரியைக்குக் கொடுக்கிறது. தாய் சி சொல்லித்தர நம் நாட்டில் அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் வகுப்பில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நடத்துபவர்களேதான் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த வயதினர் இந்தப் பயிற்சிக்கு வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வயதானவர்கள் கீழே விழுவதைத் தாய் சி குறைக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மருத்துவர்களே சிலரை அனுப்பி வைக்கிறார்கள். அதாவது, விழும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள்தான் தேடி வருகிறார்கள். ‘மெதுவான பயிற்சிதானே, இதில் என்ன ஆபத்து’ என்ற பேச்சு இங்கேதான் இடறுகிறது. அசைவு மெதுவானதுதான், வருகிறவர்களின் உடல்தான் எளிதில் அடிபடக்கூடியது.

நான் பிசியோதெரபிஸ்ட், அதே பகுதியில் இருப்பவன். விபத்துக்குப் பிறகு குழு கேட்டுக்கொண்டதால் அது நடந்த ஹாலைப் போய்ப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசி இதை எழுதுகிறேன். அவர்கள் அனுமதியோடுதான் இது வெளிவருகிறது.

நவம்பரில் மாறியவை

டெல்லியில் தீபாவளிக்குப் பிறகு காற்று எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டில் 200ஐத் தாண்டினால் ‘மோசம்’, 300ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’, 400க்கு மேல் ‘கடுமை’. நவம்பர் இரண்டாவது வாரத்தில் அந்தப் பகுதி அளவு 400ஐத் தாண்டியது. ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லும் பயிற்சியை அந்தக் காற்றில் செய்ய வைப்பது சரியில்லை என்று ஆசிரியை வகுப்பை அடுக்ககத்தின் தரைத்தள ஹாலுக்கு மாற்றினார். நேரமும் ஏழரை ஆனது. இந்த முடிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் இடம் மாறியதும் கூடவே மூன்று விஷயங்கள் மாறின, யாரும் அவற்றை உட்கார்ந்து யோசிக்கவில்லை.

முதலாவது தரை. பூங்காவில் எல்லோரும் ஷூ போட்டுப் பயின்றவர்கள். ஹாலில் ஒரு மூலையில் சுவாமி படம் இருக்கிறது, பண்டிகைக்குப் பூஜையும் அங்கேதான். எனவே செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன. குளிருக்குக் கம்பளி சாக்ஸ், கீழே பளபளவென்று மெருகேற்றிய கிரானைட். நான் அந்த சாக்ஸோடு நின்று பார்த்தேன். காலை லேசாக அகட்டினாலே பாதம் தானாக விலகிப் போகிறது.

இரண்டாவது பாடத்திட்டம். அவர்கள் வழக்கமாகச் செய்வது 24 அசைவுத் தொடர். பொதுமக்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்று சீன விளையாட்டு ஆணையம் 1956இல் தாய் சியின் யாங் மரபிலிருந்து சுருக்கி அமைத்தது அது. அதைச் செய்யப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இருபத்து நாலு பேருக்கு அந்த ஹாலில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே நின்ற இடத்திலேயே செய்யக்கூடியவற்றை ஆசிரியை எடுத்துக்கொண்டார். மரம் போல அசையாமல் நிற்கும் சிகாங் நிலை மூன்று நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் ஆனது. அதன் பிறகு எட்டு அசைவுகள் கொண்ட பதுவான்ஜின் என்ற சிகாங் தொடர். பூங்காவில் அதை எப்போதாவதுதான் செய்வார்கள், அதுவும் முழுமையாக இல்லை.

மூன்றாவது காற்றோட்டம். வெளிக்காற்று வரக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, உள்ளே இருபத்து நாலு பேர். நல்லெண்ணத்தில் யாரோ ஊதுவத்தி வேறு ஏற்றியிருந்தார்கள். புகைக்குப் பயந்து உள்ளே வந்தவர்களுக்கு ஊதுவத்திப் புகை! வாசல் நடையில் காவலாளி குளிர் காய்வதற்கு நிலக்கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைத்திருந்தார். மூடிய அறைக்குள் அங்கீட்டி வைத்துத் தூங்கி கார்பன் மோனாக்சைடில் உயிர் போன செய்திகள் டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகின்றன. இந்த விபத்துக்கு அது காரணமில்லை என்றாலும் போய்ப் பார்த்தபோது முதலில் அப்புறப்படுத்தச் சொன்னது அதைத்தான்.

அன்று காலை

விழுந்தவர் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். மத்திய அரசுத் துறை ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்தவர். மனைவியும் அதே வகுப்பில். பல வருடங்களாக ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், அது எல்லோருக்கும் தெரியும். வகுப்புக்கு ஒரு நாள் தவறாதவர்.

தொடங்கும் முன் ஆசிரியை எப்போதும் போலப் பொதுவாகக் கேட்டார்: “யாருக்காவது இன்னிக்கு உடம்புக்கு ஏதாவது?” எப்போதும் போல யாரும் எதுவும் சொல்லவில்லை.

எட்டு நிமிட நிலை முடிந்தது. பதுவான்ஜின் ஆரம்பித்து ஐந்தாவது அசைவில் தலையைத் தாழ்த்திச் சுற்றினார்கள். ஆறாவது, இரு கைகளையும் முதுகு வழியாகக் கால்வரை வழித்துக்கொண்டு குனிந்து பாதத்தைத் தொட்டு நிமிர்வது. மூன்றாவது தடவை நிமிரும்போது பெரியவருக்குக் கண் இருட்டியது. சமாளிக்க ஒரு காலைப் பின்னால் வைத்தார், சாக்ஸ் வழுக்கியது. இடது கையை ஊன்றிப் பக்கவாட்டில் விழுந்தார். உதவியாளர் முன்வரிசையில் ஆசிரியைக்குப் பக்கத்தில் நின்று அசைவைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு யாரும் இல்லை.

விழுந்த பிறகு

நாலைந்து பேர் ஓடிவந்து தூக்கப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலி இழுத்தார், இன்னொருவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். நம் ஊர் மனசு அப்படி. விழுந்தவரை விழுந்தபடி விட்டால் பாவம் என்று தோன்றும். ஆசிரியை உறுதியாகத் தடுத்தார். “தூக்காதீங்க, படுத்திருக்கட்டும். மாமா, என் குரல் கேக்குதா? தலை எங்கயாவது பட்டுதா?”

தலை படவில்லை. கழுத்தில் வலி இல்லை. இடுப்பில் வலி இல்லை, இரண்டு காலையும் அவராலேயே அசைக்க முடிந்தது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லை. இடது மணிக்கட்டு மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் கால்களுக்குக் கீழே மடித்த ஜமக்காளத்தை வைத்து உயர்த்தினார்கள். இந்த வரிசை முக்கியம். இடுப்பில் முறிவு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் காலைத் தொடவே கூடாது.

வகுப்பில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். ஒருவர் வீட்டிலிருந்து குளுக்கோமீட்டர் வந்தது. சர்க்கரை 134. பத்து நிமிடம் கழித்துப் படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 118க்கு 70. கையை மடித்த செய்தித்தாளில் வைத்துத் துப்பட்டாவால் கட்டினார்கள். நினைவு தெளிவாக இருந்தது, வலி மணிக்கட்டோடு நின்றிருந்தது என்பதால் 112க்குக் காத்திராமல் காரில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். நினைவு தப்பியிருந்தாலோ, நெஞ்சில் ஏதேனும் சொல்லியிருந்தாலோ, காலை அசைக்க முடியாமல் இருந்திருந்தாலோ கார் சரியான முடிவாக இருந்திருக்காது. காபி கொடுக்கவில்லை. எலும்பை நேராக்க மயக்க மருந்து தேவைப்படலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது செவிலியருக்குத் தெரிந்திருந்தது.

விழுந்த பின் அவர்கள் செய்தவை எல்லாம் சரியாகவே இருந்தன. பேச வேண்டியது விழுவதற்கு முன் நடந்ததைப் பற்றி.

மருத்துவமனையில் தெரிந்தது

மணிக்கட்டருகே ஆரை எலும்பில் முறிவு. ஈசிஜி இயல்பாக இருந்தது. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 130க்கு 78. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 102க்கு 64. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். இவருக்கு இரண்டுமே குறைந்திருந்தன.

என்னென்ன மாத்திரை என்று மருத்துவர் கேட்டபோது மகன் பழைய சீட்டை நீட்டினார். மனைவிதான் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். பத்து நாளைக்கு முன் புராஸ்டேட் வீக்கத்துக்காகச் சிறுநீரக மருத்துவர் டாம்சுலோசின் எழுதிக் கொடுத்திருந்தார். இரவில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்த தொந்தரவு அதில் குறைந்திருந்தது. அந்த மருந்து ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டியது. வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் மருந்து வேகமாக ஏறி, எழும்போது தலைசுற்றும். பெரியவர் மறந்துவிடக் கூடாதென்று அதையும் அழுத்த மாத்திரையோடு சேர்த்துக் காலைக் காபிக்கு முன் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

மீதியை உடலே செய்தது. எட்டு நிமிடம் அசையாமல் நின்றதில் ரத்தம் காலில் தேங்கியது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளும், நிற்கும்போது அந்த உதவி இல்லை. அதற்கு மேல் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்ந்தார். கீழே வழுக்கும் தரை. பூங்காவில் ஷூவோடு, நடமாடும் தொடர் செய்துகொண்டிருந்திருந்தால் லேசாகக் கண் கட்டியதோடு போயிருக்கலாம்.

படிவத்தில் இருந்ததும் இல்லாததும்

வகுப்பில் சேரும்போது உடல்நலப் படிவம் வாங்கியிருந்தார்கள். பல வகுப்புகளில் அதுகூடக் கிடையாது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது, மருமகள் நிரப்பியது. இதய நோய், அழுத்தம், சர்க்கரை, அறுவைச் சிகிச்சை என்று நாலு கட்டம். ‘அழுத்தம்’ என்பதில் ஒரு டிக். அதை ஒரு கோப்பில் போட்டுக் குழுச் செயலாளர் வீட்டு அலமாரியில் வைத்தார்கள். அதன் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

உலகெங்கும் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் பார்க்யூ பிளஸ் (PAR-Q+) என்ற உடல்நலப் படிவம் ஏழு கேள்விகளோடு தொடங்குகிறது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் தலைசுற்றி நிலை தடுமாறியதுண்டா, நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா என்பவை அதில் வருகின்றன. இவர்கள் படிவத்தில் இரண்டும் இல்லை.

இருந்திருந்தாலும் என்ன? மார்ச் மாதம் சேர்ந்தபோது அந்த மாத்திரையே இல்லை. படிவம் அன்றைய நிலையைத்தான் சொல்லும். அன்று காலை ஆசிரியை கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று பெரியவரிடம் நானே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அத்தனை பொம்மனாட்டிகள் நிக்கற இடத்துல யூரின் பிராப்ளம்னு எப்படி சார் சொல்றது?”

எனக்கு இந்த முழு நிகழ்விலும் முக்கியமாகப் படுவது இந்தப் பதில்தான். கேள்வி கேட்கப்பட்டது, தினமும் கேட்கப்பட்டது. பதில் சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கேட்கப்பட்டது.

குழுக் கூட்டம்

மகன் கோபமாக வந்தார். சண்டைக்கு வரவில்லை. “அப்பாவுக்கு பிபி இருக்குன்னு உங்க ஃபார்ம்ல இருக்கு. அதைப் படிச்சிட்டு யாராவது ஏதாவது மாத்தினீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

குழுவில் இரண்டு யோசனைகள் எழுந்தன. ‘எது நடந்தாலும் குழுவோ ஆசிரியையோ பொறுப்பல்ல’ என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். எழுபதுக்கு மேல் யாரையும் சேர்க்க வேண்டாம் என்றார் இன்னொருவர்.

உறுப்பினர்களில் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். இலவசச் சேவை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, மாதக் கட்டணம் வாங்கும்போது அந்த விலக்கில் சாய்ந்துகொள்ள முடியாது என்று அவர் விளக்கினார். கவனக்குறைவு நிரூபணமானால் கையெழுத்துத் தாள் காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். என் கருத்து இன்னும் எளிமையானது. அப்படி ஒரு தாளை நீட்டினால், உடம்பைப் பற்றி எதையாவது சொன்னால் வம்பு என்றுதான் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். சொல்ல வைப்பதுதான் நமக்கு வேண்டியது, அந்தத் தாள் வாயை மூடிவிடும்.

வயது வரம்பும் கைவிடப்பட்டது. அறுபத்தோரு வயதில் எலும்புத் தேய்மானத்தோடு முதுகெலும்பு ஒருமுறை நசுங்கியவரும் அந்த வகுப்பில் இருந்தார், எழுபத்தெட்டு வயதில் ஒரு மாத்திரையும் எடுக்காதவரும் இருந்தார். வயதை மட்டும் வைத்து என்ன கண்டுபிடிப்பது?

தொலைபேசிக் கேள்விகள்

எடுத்த முடிவு, ஒவ்வொருவரையும் தனியாக, தமிழில் கேட்பது. ஆண்களை உதவியாளரும் பெண்களை ஆசிரியையும் அழைத்தார்கள். கேள்விகளை நான் எழுதிக் கொடுத்தேன். கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது, ஏதாவது மாத்திரை புதிதாகச் சேர்ந்ததா, அளவு மாறியதா, படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா, இந்த வருடம் எங்கேயாவது விழுந்தீர்களா, கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறீர்களா, காலையில் மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வருகிறீர்களா. நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் மாத்திரையின் பெயரைச் சொன்னால் போதும். அதிகம் பேரைப் பேச வைத்தது இந்தக் கடைசிச் சலுகைதான்.

வந்த பதில்கள் எல்லோரையும் திகைக்க வைத்தன. ஏழு பேருக்குச் சேர்ந்த பிறகு மருந்து மாறியிருந்தது. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுபவர் ஒருவர். தலை தாழும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதால் அவர் ஐந்தாவது, ஆறாவது அசைவுகளில் தலையைக் கீழே கொண்டுபோகவே கூடாது. முதுகெலும்பு நசுங்கியவர் பற்றி முன்பே சொன்னேன். முதுகை வளைத்துக் குனிவது அவருக்கு மறுபடி முறிவில் முடியலாம். இருவர் சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாமி குதிக்காலைத் தூக்கித் தட்டும் எட்டாவது அசைவை மட்டும் எப்போதும் செய்யாமல் நிற்பார். சோம்பல் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அது சிறுநீர்க் கசிவு. கேலி நின்றது, அவர் இடுப்புத்தளப் பயிற்சிக்கு மருத்துவரிடம் போனார்.

இரண்டு பேர் ‘இதெல்லாம் உங்களுக்கு எதற்கு’ என்று வகுப்பை விட்டே நின்றுவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. வற்புறுத்தவில்லை.

விவரங்கள் ஆசிரியையும் உதவியாளரும் மட்டும் பார்க்கும் ஒரு நோட்டில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடுவதில்லை.

வகுப்பில் செய்தவை

ஹாலுக்கென்று தனி ஷூ, வெளியே போட்டு நடக்காதது. சுவாமி படத்தின் முன் ஷூவா என்று சிலருக்கு நெருடியது. படம் சங்க அலுவலக அறைக்குப் போனது, பிரச்சினை தீர்ந்தது. பாய் விரிக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. விளிம்பில் கால் தடுக்கி விழுவது வழுக்கி விழுவதை விட மேல் இல்லை.

வகுப்பில் இருப்பவர்களை இரண்டு தொகுதியாகப் பிரித்தார்கள். ஆளுக்கு இடம் கிடைத்ததால் 24 அசைவுத் தொடரின் முதல் பகுதியை ஹாலிலேயே செய்ய முடிகிறது. அசையா நிலை மறுபடி மூன்று நிமிடமே. நடுநடுவே குதிக்காலைத் தூக்கி இறக்கிக்கொள்ள வேண்டும். குனியும் அசைவில் எல்லோருக்கும் எல்லை முழங்கால். பாதத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து மடங்கி, நிமிர்ந்த பின் இரண்டு மூச்சு நின்று, அப்புறம்தான் அடுத்தது. சுவரோரம் கைப்பிடி இல்லாத கனமான நாற்காலிகள் ஒரு வரிசை. தலைசுற்றல் சொன்னவர்கள் அங்கே. உதவியாளர் இனி செய்து காட்டுவதில்லை, பின்னால் நின்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை.

அலமாரியில் அழுத்தமானி, குளுக்கோமீட்டர், சர்க்கரை. அளவு 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. கிளிமெபிரைடு எடுப்பவர்கள் பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஊதுவத்தி இல்லை. குறியீடு 200க்கு மேல் இருந்தால் பூங்கா இல்லை. ஹாலிலும் வெளிக்காற்றின் நுண்துகள் கசியத்தான் செய்யும், அதனால் 400ஐத் தாண்டும் நாட்களில் மூச்சை இழுத்து நிறுத்தும் பயிற்சிகளை விட்டுவிடுகிறார்கள், ஆஸ்துமாக்காரர்கள் வருவதில்லை.

அதன் பின்

பெரியவருக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு கைக்குப் பயிற்சி. டாம்சுலோசின் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாறியது. அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைத்தார். பிப்ரவரியில் மருத்துவர் சீட்டோடு வகுப்புக்குத் திரும்பினார். நாற்காலி வரிசை அவருக்குப் பிடிக்கவில்லை. “என்னைக் கிழவனாக்கிட்டீங்க” என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார். படுத்து எழுந்து இரண்டு முறை அளந்து பார்த்ததில் அழுத்தம் விழவில்லை என்று உறுதியான பிறகு, நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று செய்ய ஆசிரியை அனுமதித்தார். மகன் வழக்கு எதுவும் போடவில்லை. இப்போது ஹால் வாடகைக் கணக்கை அவர்தான் பார்க்கிறார்.

தொலைபேசிச் சுற்றை வருடத்தில் இரண்டு முறை, நவம்பரிலும் மார்ச்சிலும் வைத்திருக்கிறார்கள். மார்ச் ஏன் என்று கேட்டார்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், அதற்காக மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள். வெயில் வந்ததும் அதே அளவு அதிகமாகிவிடும். நினைத்தது போலவே மார்ச் சுற்றில் இருவர், எழும்போது கண் இருட்டுகிறது என்றார்கள். மருத்துவரிடம் போய் அளவைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆசிரியை வெளியூர் போகும் வாரங்களில் பெண்களிடம் யார் கேட்பது என்பது முடிவாகவில்லை. செவிலியர் ஒப்புக்கொள்ளக்கூடும். கிரானைட் தரைக்கு வழுக்காத பூச்சு போடக் கேட்டு எழுதிய கடிதம் குடியிருப்போர் சங்கத்திடம் இருக்கிறது. அது வரும்வரை ஷூ இல்லாமல் வருபவர்களுக்கு நாற்காலி வரிசைதான்.